கடைசிச் சூடு

வீட்டில் பழைய பாசிமணி மாலை ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லையென்றால் பரவாயில்லை, பஸ் ஸ்டாண்டில் ஊசி, பாசி விற்பவர்களிடம் ஒரு சரம் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி மணியாக இருக்கவேண்டும், பிளாஸ்டிக் கூடாது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக, குறுமிளகு சைஸுக்குள் இருந்தால் இன்னும் விசேஷம்.

அதில் ஒரே ஒரு மணியை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். வழவழவென்று ஓடுகிறது இல்லையா?

இதிலென்ன இருக்கிறது என்கிறீர்களா? வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தால் என்ன செய்கிறோம்? குழந்தைகளை அந்தப் பக்கம் வரவிடாமல் துரத்திவிட்டு, துடைப்பம் எடுத்துப் பெருக்கி, அப்புறம் ஈரத்துணியால் வேறு துடைக்கிறோம். உடைந்த கண்ணாடியின் விளிம்பு கத்தியைவிடக் கூர்மை. பொடிப்பொடியான பாசிமணிகளும் பெரும்பாலும் உடைத்த கண்ணாடிதான். நீளமான, மெல்லிய கண்ணாடிக் குழாயைப் படபடவென்று துண்டுபோட்டால் கிடைப்பது. துண்டுபோட்ட கையோடு அப்படியே கோத்துக் கழுத்தில் போட்டால் முதலில் நூல் அறுந்துபோகும், அப்புறம் கழுத்து.

அந்தக் கூர் எங்கே போனது?

ஒவ்வொரு மணியாக எடுத்து யாரும் தேய்க்கவில்லை. ஒரு சரத்தில் நூற்றுக்கணக்கான மணிகள், ஒரு கூடையில் லட்சக்கணக்கில். அத்தனையையும் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆயுசு போதாது. நெருப்புதான் அந்த வேலையைச் செய்தது. உருக்கி, ஊற்றி, இழுத்து, வெட்டியானபிறகு கடைசியாக ஒரு சூடு. அந்தக் கடைசிச் சூட்டின் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். சுமார் 2,000 வருஷத்துக் கதை. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம்ம புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

*

முதலில் கொஞ்சம் சயின்ஸ். பயப்படாதீர்கள், ஒரே பாராதான்.

ஐஸ் கட்டிக்கு உருகுவதற்கென்று ஒரு டிகிரி உண்டு. அதைத் தாண்டினால் தண்ணீர், தாண்டாவிட்டால் கட்டி. கண்ணாடி அப்படி இல்லை. சூடேறச் சூடேற வெல்லப்பாகு மாதிரி மெல்ல மெல்ல இளகும். ஏறக்குறைய 700 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் உள்ளே இன்னும் விறைப்பு இருக்கும், மேல்தோல் மட்டும் நெகிழும். நெகிழ்ந்த தோல், மழைத்துளி தன்னை உருண்டையாக்கிக்கொள்வது மாதிரி, தன்னைத்தானே உள்பக்கமாக இழுத்துக்கொள்ளப் பார்க்கும். முதலில் மழுங்குவது கூரான விளிம்பு. கீறல், சொரசொரப்பு எல்லாம் மறைந்து பளபளப்பு வரும். இன்றைக்கு மின்சார அடுப்பில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டவைத்து நகை செய்பவர்கள், வெட்டிய ஓரத்தை இப்படித்தான் சரிசெய்கிறார்கள். 'ஃபயர் பாலிஷ்' என்று அதற்குப் பெயர்.

கேட்க சுலபமாக இருக்கிறது. செய்வதில்தான் வம்பு. கொஞ்சம் சூடு குறைந்தால் கூர் போகாது. கொஞ்சம் கூடினால் மணி குண்டாகி, நடுவில் இருக்கும் துளை அடைத்துக்கொள்ளும். துளை போன மணி, காது போன ஊசி. அதைவிடப் பெரிய தலைவலி, பக்கத்தில் இருக்கும் மணியோடு ஒட்டிக்கொள்வது. ஒரு சட்டி மணியைப் போட்டு ஒரு கட்டிக் கண்ணாடியை எடுக்கவேண்டியதுதான்!

இத்தனைக்கும் நம் ஆட்கள் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? சாம்பல்.

நறுக்கிய மணிகளைச் சாம்பலோடு சேர்த்துப் பிசறினார்கள். சாம்பல் துளைக்குள் போய் அடைத்துக்கொண்டது, அதனால் துளை மூடவில்லை. ஒவ்வொரு மணியின் மேலும் மாவு மாதிரிப் பூசிக்கொண்டது, அதனால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அப்படியே அடுப்பில் ஏற்றி, கடலை வறுப்பதுபோல விடாமல் கிளறினால் ஆயிற்று. ஆறவிட்டு, சலித்து, கழுவினால் லட்சம் மணிகளும் வழவழ. செலவு? அடுப்பில் மிஞ்சிய சாம்பல், கொஞ்சம் விறகு, கைவலி.

காமர்ஸ் படித்தவர்கள் 'வேல்யூ அடிஷன்' என்று ஒரு பாடம் படித்திருப்பார்கள். கூடைக் கண்ணாடிச் சில்லை ஏற்றுமதிச் சரக்காக மாற்றியது இந்த ஒரு சட்டிச் சாம்பல்தான். இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

*

சரி, புதுச்சேரிக்குப் போவோம்.

ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், வீராம்பட்டினம் பக்கத்தில் ஒரு மேடு. ஆறு அரித்து அரித்துக் கரையைத் தின்றுகொண்டே இருந்ததால் அரிக்கமேடு ஆயிற்று என்பார்கள். இல்லை, அது அருகன்மேடு என்று வாதாடுபவர்களும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் மழை பெய்து மண் கரைந்தால் அங்கே கலர் கலராகப் பாசிமணிகள் வெளியே வரும். புதுச்சேரியில் இருந்த ஷூவோ துப்ரெய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் 1930-களில் அந்த மேட்டுப் பொருள்களைத் தேடிச் சேகரித்தார். அதில் ஒரு கல்லில் மனிதத் தலை செதுக்கியிருந்தது. ரோமாபுரிப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்றார் அவர். பரபரப்பு பற்றிக்கொண்டது.

1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்தவர் மார்ட்டிமர் வீலர். முறுக்கு மீசை, மிலிட்டரி மிடுக்கு, கையில் எடுத்ததை முடிக்காமல் விடாத ஆசாமி. சென்னை மியூசியத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர், அலமாரி ஒன்றில் கிடந்த உடைந்த மண்ஜாடித் துண்டைப் பார்த்து அசந்துபோனார். மத்தியதரைக்கடல் பக்கத்தில் ஒயின் கொண்டுபோகும் ஜாடி! எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், புதுச்சேரி என்றார்கள். அடுத்த வருஷமே, 1945-ல், அரிக்கமேட்டில் மண்வெட்டி இறங்கிவிட்டது. இத்தாலியின் அரெஸ்ஸோ பாணிச் சிவப்புத் தட்டுகளின் துண்டுகள், ஒயின் ஜாடிகள் எல்லாம் கிடைத்தன. இந்தோ-ரோமானிய வணிகத்தலம் என்று வீலர் அறிவித்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்துப் பக்கத்து கிரேக்க வியாபாரி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் கையேட்டில் 'பொதுகே' என்று ஒரு துறைமுகம் வருகிறது. அது இதுதான் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடப் புத்தகம் வரை விஷயம் போய்விட்டது.

இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம்.

ஒரு கடையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கம் இருக்கும். வரவு ஒன்று, பற்று ஒன்று. அரிக்கமேட்டின் கணக்கில் நாம் ரொம்ப நாளாக ஒரே பக்கத்தை மட்டும்தான் படித்தோம். ரோமிலிருந்து என்ன வந்தது? தட்டு வந்தது, ஒயின் வந்தது. இம்போர்ட் பக்கம். இங்கிருந்து என்ன போனது? மிளகு, முத்து, துணி என்று பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிவிட்டோம். அதே மேட்டில் காலுக்கடியில் கிடந்த பாசிமணிகள் மியூசியப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. ரோமாபுரித் தட்டின் ஓட்டாஞ்சில்லுக்குக் கிடைத்த மரியாதை, அதே ஊரில் அடுப்பு மூட்டியவன் செய்த மணிக்குக் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் ரோமானியர்களே இரண்டு பக்கத்தையும் பார்த்தவர்கள். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சுகிறது என்று புலம்பியவர் பிளினி. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்விட்டவர். இந்தியக் கண்ணாடிக்கு இணை கிடையாது, அவர்கள் உடைந்த படிகத்தைப் போட்டுச் செய்கிறார்கள் என்ற சேதியையும் தன் புத்தகத்தில் எழுதிவைத்தவர் அதே பிளினிதான்.

*

கணக்கின் மறுபக்கத்தைத் திருப்பியவர் ஒரு அமெரிக்கர். பீட்டர் ஃபிரான்சிஸ் ஜூனியர். பாசிமணிகளைத் தேடி உலகம் சுற்றுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட மனிதர்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்தோனேசியா வரை, பழைய ஊர்களைத் தோண்டினால் ஒரே மாதிரிப் பொடி மணிகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. செங்கல் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு. ஒரு மணிக்கு ஒரே நிறம். பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்குள். பருவக்காற்றோடு கப்பலில் போனவை என்பதால் 'வணிகக் காற்று மணிகள்' என்று ஒரு டச்சு ஆய்வாளர் பெயர் வைத்திருந்தார். ஃபிரான்சிஸ் அதை 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று மாற்றினார். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

சரி, இவற்றைச் செய்த ஊர் எது? மணி கிடைத்த ஊரெல்லாம் மணி செய்த ஊர் ஆகிவிடாது. வாங்கியவன் வீட்டிலும் மணி இருக்கும், விற்றவன் வீட்டிலும் இருக்கும். எப்படிப் பிரிப்பது?

துப்பறியும் கதை மாதிரி இருக்கிறதல்லவா? தடயத்தைக் கொடுத்தது நம்ம கடைசிச் சூடுதான். நன்றாக வந்த மணி கப்பல் ஏறிப் போய்விடும். நன்றாக வராததை யார் வாங்குவார்கள்? கூர் மழுங்காத துண்டு, பாதியில் உடைந்த குழாய், சூடு கூடிப்போய் நாலைந்தாக ஒட்டிக்கொண்ட மணிக்கொத்து, இதெல்லாம் பட்டறையின் குப்பைமேட்டோடு நின்றுவிடும். குப்பை இருக்கும் ஊரே பட்டறை இருந்த ஊர். கெட்டுப்போன மணிதான் பிறந்த ஊரைச் சொல்லும்!

அரிக்கமேட்டில் அந்தக் குப்பை இருந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் அங்கே மறுபடி அகழாய்வு நடந்தபோது, கிடைத்த மணிகளை ஆராய்ந்தவர் ஃபிரான்சிஸ். ரோமானியர்கள் வந்த பிறகுதான் அரிக்கமேடு பிறந்தது என்ற வீலரின் கணக்கும் அந்த அகழாய்வில் அடிபட்டது. அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்திருக்கிறது, அவர்கள் போனபிறகும் இருந்திருக்கிறது.

இதே மாதிரிக் குப்பை இலங்கையில் மாந்தையிலும், தாய்லாந்தில் குலோங் தோமிலும், வியட்நாமில் ஒக் இயோவிலும், மலேசியாவில் குவாலா செலின்சிங்கிலும் கிடைத்தது. அரிக்கமேட்டுக் கைவினைஞர்களோ அவர்களிடம் தொழில் கற்றவர்களோ கடல் தாண்டிப் போய்ப் பட்டறை போட்டிருக்கவேண்டும் என்பது ஃபிரான்சிஸின் கட்சி. அரிக்கமேடுதான் ஒரே தாய்வீடா என்பதில் இன்றைய ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. தமிழ்நாட்டிலேயே, பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள் வந்திருக்கின்றன. கீழடியிலும் கண்ணாடி மணிகளுக்குப் பஞ்சமில்லை. ஆக, ஒரு ஊரின் ரகசியம் என்பதைவிட, ஒரு பிரதேசத்தின் கைப்பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

*

செய்முறை எப்படித் தெரிந்தது? 2,000 வருஷத்துக்கு முந்தைய பட்டறையை யார் போய்ப் பார்த்தார்கள்?

பார்த்தார்கள். திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் நடுவே பாப்பாநாயுடுபேட்டை என்று ஒரு ஊர். சென்னையிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். ஃபிரான்சிஸ் 1980-களில் அங்கே போனபோது, பழங்கால முறையிலேயே மணி செய்துகொண்டிருந்தார்கள்.

பெரிய மண் உலை. உருகிய கண்ணாடியை ஒரு நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் சுற்றிச் சுற்றிச் சேர்த்து, கூம்பு மாதிரிப் பிடிக்கிறார்கள். அந்த இரும்புக் குழாய்க்குப் பெயர் லாடா. அதற்குள்ளே ஒரு கம்பியைச் செலுத்திக் கூம்பின் நடுவே துளை உண்டாக்குகிறார்கள். கூம்பை உலைக்குள் வைத்தபிறகு, எதிர்ப்பக்க ஓட்டை வழியாக ஒருவர் கண்ணாடியைக் கொக்கியால் பிடித்து இழுக்கிறார். நூல் நூற்பதுபோல நுனி வர ஆரம்பித்ததும் வெறும் கையாலேயே இழுவை. மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். உள்ளே துளை மாறாமல் மெல்லிய குழாய் வந்துகொண்டே இருக்கும். கைவேகம் கூடினால் குழாய் மெலியும், குறைந்தால் தடிக்கும். ஸ்கேல் கிடையாது, மீட்டர் கிடையாது. கைதான் கணக்கு.

அப்புறம் நறுக்கல். தரையில் நட்ட இரும்புத் தகட்டின்மேல் ஒரு பிடி குழாயை வைத்து, இன்னொரு தகட்டால் தட்டினால் பொடிப்பொடியாய் உதிரும். அதற்குப் பிறகு நாம் பார்த்த சாம்பல் சட்டி, கடைசிச் சூடு.

செங்கல் சிவப்பு மணிக்கு இதிலும் தனி ஜாக்கிரதை வேண்டும். அந்தச் சிவப்பு செம்பால் வருவது. புகைமூட்டமான, காற்றோட்டம் குறைந்த அடுப்பில்தான் செம்பு சிவப்பாக நிற்கும். காற்று அதிகம் பட்டால் பச்சையோ கறுப்போ ஆகித் தொலைக்கும். உருக்கும்போது காப்பாற்றிய சிவப்பைக் கடைசிச் சூட்டில் கோட்டைவிட்டால் அத்தனை நாள் பாடும் வீண். அதனால்தான் சொல்கிறேன், சட்டி கிளறுவது எடுபிடி வேலை கிடையாது.

*

இப்படிச் சாம்பலில் புரண்டு எழுந்த மணிகள் எங்கெல்லாம் போயின?

கிழக்கே கொரியாவையும் ஜப்பானையும் தொட்டன. கொரியாவில் பேக்ஜே நாட்டை ஆண்ட முர்யோங் மன்னர் கி.பி. 523-ல் இறந்தார். அவருடைய கல்லறை 1971-ல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளே ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள். அவற்றில் இந்தோ-பசிபிக் வகையும் உண்டு.

மேற்கே? பிரான்சிலும் பெல்ஜியத்திலும் கி.பி. 5, 6-ம் நூற்றாண்டுக் கல்லறைகளில் பொடி மணிகள் கிடைத்தன. அவற்றைப் பரிசோதனை செய்து 2016-ல் ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். இந்தியத் துணைக்கண்டத்துக் கண்ணாடி! எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ரோமாபுரிக் கண்ணாடியில் அலுமினா குறைவு. நம் ஊர்க் கண்ணாடியில் ஒரு வகைக்கு அது தூக்கல். நம் மணலும், துணி வெளுக்கப் பயன்பட்டதே அந்த உவர்மண்ணும் போட்ட கையெழுத்து அது. ரோமாபுரிச் சாம்ராஜ்யம் மேற்கே சரிந்தபிறகும் நம்ம சரக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

தெற்கே நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. தென்னாப்பிரிக்காவில் லிம்போபோ ஆற்றுப் பக்கம் மாபுங்குப்வே என்ற பழைய ராஜ்ஜியத் தலைநகர். அதற்குப் பக்கத்தில், அதற்கும் முந்திய ஓர் ஊர். தொல்லியலாளர்கள் அதை 'கே 2' என்கிறார்கள். கி.பி. 1000-ஐ ஒட்டி அங்கே வாழ்ந்தவர்கள், கடற்கரை வழியாக வந்த நீலப்பச்சைப் பொடி மணிகளை வாங்கி, களிமண் அச்சில் போட்டு, உருக்கி ஒட்டவைத்து, பெரிய பெரிய மணிகளாக மாற்றிக்கொண்டார்கள். உருளை மாதிரி, குண்டு குண்டாக, தங்கள் ரசனைக்கு ஏற்றபடி. ஒரு மணிக்கு ஒரு அச்சு, உடைத்துத்தான் எடுக்கவேண்டும். சாம்பல் போட்டு ஒட்டாமல் காப்பாற்றி நாம் அனுப்பியதை, அவர்கள் வேண்டுமென்றே ஒட்டவைத்தார்கள்! சரக்கை வாங்கியதோடு சும்மா இருக்கவில்லை. அவர்களும் நெருப்பின் நாடி பிடிக்கத் தெரிந்தவர்கள்.

பின்னால் போர்ச்சுகீசியர்கள் ஐரோப்பிய மணிகளோடு கிழக்கு ஆப்பிரிக்காவில் வந்து இறங்கினார்கள். அங்கத்தி ஜனங்கள் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் அவர்களே இந்தியாவிலிருந்து மணி வாங்கிப்போய் அங்கே விற்கவேண்டியதாயிற்று. பிராண்ட் என்ற வார்த்தையே இல்லாத காலத்தில் பிராண்ட் லாயல்டி!

*

அப்புறம் ஏன் விழுந்தோம்?

வெனிஸ் நகரம் 1291-லேயே தன் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றிவிட்டது. அங்கேயும் குழாய் இழுத்தார்கள், நறுக்கினார்கள், சாம்பலும் சுண்ணாம்பும் மாதிரியான பொடியில் பிசறிச் சட்டியில் வைத்துக் கிளறினார்கள். வித்தை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 19-ம் நூற்றாண்டில் அவர்கள் சட்டியை மாற்றினார்கள். அதற்குப் பதில் அடுப்பின்மேல் சுழலும் இரும்பு டிரம் வந்தது. கிளறும் கை ஓய்ந்தது, மணிகள் மலைமலையாகக் குவிந்தன. செக் நாட்டின் யாப்லோனெட்ஸ் பக்கத்துக்காரர்களும் போட்டிக்கு வந்தார்கள். பட்டை தீட்டிய மணியைச் சூளையில் காட்டிப் பளபளப்பாக்கும் அவர்கள் சரக்குக்கு இன்றைக்கும் உலகச் சந்தையில் 'ஃபயர் பாலிஷ்டு' என்றுதான் பெயர். நாம் பெயர் வைக்காமலேயே செய்துகொண்டிருந்த வேலை!

குழாய் இழுக்கும் வித்தையில் அவர்கள் நம்மை ஜெயிக்கவில்லை. கடைசிச் சூட்டை மெஷினிடம் கொடுத்தார்கள், விலை இறங்கியது. நம் பக்கம் சட்டி சட்டியாகவே இருந்தது. ஒரு தொழில் சாய்வது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு ஓரத்திலிருந்துதான்.

பீட்டர் ஃபிரான்சிஸ் 2002-ல் இறந்துபோனார். ஆசியாவின் கடல்வழி மணி வணிகம் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் வெளியானதும் அதே வருஷம்தான். பாப்பாநாயுடுபேட்டையின் உலைகளை அவர் பார்த்து எழுதாமல் போயிருந்தால், அரிக்கமேட்டில் கிடைத்த உடைந்த குழாய்களுக்கு அர்த்தம் சொல்ல ஆள் இருந்திருக்காது. மண்ணுக்குள் இருக்கும் சரித்திரத்தைப் படிக்கவும், மண்ணுக்கு மேலே ஒருவர் அதே தொழிலைச் செய்துகொண்டிருக்கவேண்டியிருக்கிறது. ஒரு கைத்தொழில் நின்றால் போவது சில குடும்பங்களின் வருமானம் மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். பழசைப் படிக்கிற அகராதியும் சேர்ந்தே போகிறது.

முர்யோங் மன்னரின் பெயர் நமக்குத் தெரியும். அகஸ்டஸின் தலை என்று சொல்லப்பட்ட கல்லைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். சாம்பல் சட்டியைக் கிளறிய ஒருவருடைய பெயர்கூட எந்த ஓட்டிலும் கீறியிருக்கவில்லை. அவர்கள் விட்டுப்போன கையெழுத்து ஒன்றே ஒன்றுதான். துளையைச் சுற்றி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், மழுங்கிப்போன அந்த விளிம்பு.

புதுச்சேரிப் பக்கம் போனால் மியூசியத்துக்குள் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அரிக்கமேட்டு மணிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. ரோமாபுரி ஓட்டாஞ்சில்லுகளை நிதானமாகப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் மணிகளைப் பாருங்கள். கணக்குப் புத்தகத்தில் அது நம்ம பக்கம்.